கிணற்றில் இறக்கிய முள்

தனசேகர், நீ பொய் சொல்கிறாய். உன் பேரன் கிணற்றில் குதிக்கும் வீடியோவை நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அந்தக் காலத்தில் வெயில் வந்தால் ஊரே எங்கள் கிணற்றில்தான் கிடக்கும்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்தத் தொபீர் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கால் கூசியது. ஒலக்கூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், ஊர்த்தெருக்காரர்கள் நீங்கள் குளித்துவிட்டுப் போகும்வரை எங்கள் காலனிப் பிள்ளைகள் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே காத்துக் கிடப்போம். ஒரு மத்தியானம் என் அக்கா மிதப்பதற்கு இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான்டா மொதல்ல" என்று குதித்தாள். உடனே அலறினாள். அவளைத் தூக்க இறங்கிய அப்பாதான் பார்த்தார். தண்ணீருக்கடியில், கல்லைக் கட்டி இறக்கிய வேலிக்காத்தான் முள்.

மறுநாள் உன் அப்பா ஆள் அனுப்பி என் அப்பாவைக் கூப்பிட்டார்.

"டேய் பொன்னா, எறங்கி அந்த முள்ள எடுத்துடு. மெட்ராஸ்லேர்ந்து பசங்க நீச்சலுக்கு வர்றாங்க."

"போட்டது யாருங்க?"

"காத்துல வுழுந்திருக்கும்டா."

"காத்துக்குக் கல்லக் கட்டத் தெரியுமாங்க?"

கேட்டுவிட்டு அப்பா இறங்கினார். முள்கட்டைச் சுமந்து ஏறியபோது முதுகெல்லாம் ரத்தம். நீ மோட்டார் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அக்கா இன்றும் முள் ஏறிய காலைத் தாங்கித்தான் நடக்கிறாள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

அந்த முள்ளை இறக்கியது யார்? எனக்குத் தனியாகப் போன் பண்ணாதே. குழுவிலேயே, அவளும் ஊரும் படிக்கும்படி பதில் எழுது.