குருமாவுக்குப் போட்ட விதை

இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"இன்னா வாசனைம்மா இது? மல்லியும் இல்ல, சம்பங்கியும் இல்ல."

"ஸ்வீட் பீன்னு பேருக்கா. உன் தம்பி போட்டது."

உன் தம்பி என்றால் என் வீட்டுக்காரர். ஸ்வீட் பீ என்ற பெயரைப் பார்த்துவிட்டு இனிப்புப் பட்டாணி என்று நம்பி, ஆன்லைனில் விதை வாங்கினார். இறாலோடு சேர்த்துக் குருமா வைக்கத் திட்டம். ஐப்பசியில், மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டியில் மண் நிரப்பி விதைத்தார். அடுத்த வாரம் கடலுக்குப் போனவர் உடலாகத்தான் கரைக்கு வந்தார்.

கொடி அது பாட்டுக்கு ஏறியது. தை பிறந்ததும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டது. காய் விஷம், சாப்பிடக் கூடாது என்று பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை இப்போதுதான் படித்தேன்.

அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"ஐய, அப்ப வெறும் பூவா? உன்னால தலையில வெச்சிக்கவும் முடியாதே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே சமாளித்தார்: "வெள்ளக்காரன் பூதான? டச்சுக்காரன் கல்லறையில வெச்சிட்டு வந்துடேன்."

ஆக, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்து எங்கள் ஊர்க் கல்லறையில் கிடக்கும் டச்சுக்காரருக்கு இந்தப் பூ ஆகும். விதைத்தவரின் பெண்டாட்டிக்கு ஆகாது. பட்டாணியாகவே இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு கொத்து பறித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தலையில் வைக்கக் கூடாது, சரி.

மோந்து பார்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.