மேஜைக்கு வைத்த பொட்டு

பாலக்கரையில் பழைய சாமான் கடையில் பிடித்து, குட்டியானை வண்டியில் ஸ்ரீரங்கம் வரை ஏற்றிக் கொண்டுவந்த அந்தக் காலத்துத் தேக்கு மேஜை. யாரோ அதன்மேல் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எடுத்து, போன வாரம்தான் பாலிஷ் போட்டு முடித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

இன்று ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜையின் கால், இழுப்பறை, மேல்பலகை எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். என் கணவரின் கைவண்ணம்.

"மேஜை என்னங்க, ஆயுதமா?"

"நீ அதுலதானே லேப்டாப் வெச்சு வேலை பாக்குற? அப்ப ஆயுதம்தான்."

துடைக்கத் துணியை எடுத்தேன். மாமியார் பதறிவிட்டார்.

"அய்யய்யோ, பூஜையில வெச்சத இன்னைக்குத் தொடக் கூடாதும்மா. நாளைக்கு துடைச்சுக்கலாம்."

நாளைக்குள் குங்குமச் சிவப்பு பாலிஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியிருக்கும். மறுபடி உப்புத்தாள்தான். அது ஊறுவதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் வாசலுக்கு வந்தால், கணவரின் புது பைக் மாலையும் பொட்டுமாக நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். டேங்கில் முதலில் செலோடேப் ஒட்டி, அதன்மேல் பொட்டு வைத்திருக்கிறார்!

கேட்டால், "புது பெயிண்ட்ல கறை புடிச்சிடும்ல?" என்கிறார்.

டேப் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. எங்கே ஒட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.