பந்தைத் தொடாத மருமகன்

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மழைக்காலச் சனிக்கிழமை காலை, நியூசிலாந்தின் ஹென்டர்சனில் எங்கள் வீட்டு வாசலில் நடந்த விஷயம் இது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒற்றைப் பையோடு ஒக்லாந்துக்கு வந்து, மற்றவர்கள் கடையில் கோப்பை கழுவி, இன்று என் பெயரிலேயே ஒரு தோசைக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்கு வந்து பாருங்கள், என் தோசைக்கு எவ்வளவு நீள வரிசை நிற்கிறதென்று. தனி ஆளாக முன்னுக்கு வந்த கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்று என் ஒரே மகள், தான் கட்ட விரும்பும் பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். இங்கேயே பிறந்த சமோவாக்காரன். கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. ஒன்பது வருடம் அமெரிக்காவில் சம்பளத்துக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவன், முழங்கால் போனதால் விட்டுவிட்டு இப்போது பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். அப்பா சம்மதிக்காமல் கட்டமாட்டேன் என்று மகள் தாயிடம் சொல்லியிருந்தாள். ஆக, முடிவு என் கையில். நான் ஒரு ஆளை ஐந்து நிமிடத்தில் எடைபோட்டுவிடுவேன்.

எத்தனை கோல் போட்டாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். பந்தை எவ்வளவு தூரம் எறிவாய் என்றேன். எறிவது அவன் வேலை இல்லையாம். பிடிப்பதும் இல்லையாம். பந்து எறிகிறவனுக்கு முன்னால் நின்று, அவனை அடித்து விழுத்த ஓடி வருகிறவர்களை மறிப்பதுதான் ஒன்பது வருடமாக அவன் பார்த்த உத்தியோகம். ஒரே ஒரு தடவை பந்து கீழே விழுந்தபோது அதன்மேல் விழுந்து படுத்திருக்கிறான். அதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை.

சரி, சனம் உன் பெயரையாவது சொல்லுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். பிழை விட்டால் மட்டும் அவனுடைய நம்பரை மைக்கில் சொல்வார்களாம். ஒரு ஆட்டம் முழுக்க யாரும் அவனைக் கவனிக்கவில்லை என்றால் அன்று நன்றாக வேலை செய்தான் என்று அர்த்தமாம்.

எப்படி மறிப்பாய், காட்டு என்றேன். எழுந்து, முழங்காலை மடித்து, பின்பக்கத்தைப் பதித்து, இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டி, பின்னுக்கு இரண்டு எட்டு வைத்தான். கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போகிறவன் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, என் மனைவி வைத்த ஐந்து தோசையில் இரண்டோடு கை கழுவிவிட்டான். ஆடுகிற காலத்தில் உடம்பு குறையாமல் இருக்கச் சாப்பிடுவதும் வேலையாக இருந்ததாம், இப்போதுதான் பசிக்குச் சாப்பிடுகிறானாம். மனைவிக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது. எனக்கு இல்லை.

'யோசிச்சுச் சொல்லுறன்' என்று எழும்பினேன். அதுதான் என் 'இல்லை'. மகளின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்காதவன் மாதிரி வெளியே போனேன். கடைக்கு வாங்கிய புது மா அரைக்கும் கிரைண்டர் மேலே தெருவில், எங்கள் வான் வாகனத்தில் நின்றது. கருங்கல் வைத்தது, நாலு ஆள் பாரம். அதைத் தள்ளுவண்டியில் கட்டி, சரிவான வாசலால் கராஜுக்கு இறக்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, நிலம் ஈரம். அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

"பந்தையே தொடாதவன் கல்லைத் தொடப்போறானோ?"

"அப்பா, சீரியஸ்லி!" என்றாள் மகள்.

வாகனத்தின் லிஃப்டில் அதை இறக்கும்வரை எல்லாம் சரிதான். பிறகு நான் தள்ளுவண்டிக்குக் கீழ்ப்பக்கமாக நின்று, தாங்கிப் பிடித்தபடி பின்னுக்கு நடக்கத் தொடங்கினேன். நாலாவது எட்டில் செருப்பு வழுக்கியது. முன்னால் கருங்கல், பின்னால் கராஜ் சுவர், நடுவில் நான். விட்டால் நசுங்குவேன், பிடித்தாலும் நசுங்குவேன்.

அப்போது ஒரு தோள் என்னை இடித்தது. நான் பறந்துபோய் மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியோடு விழுந்து, பால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். நான் நின்ற இடத்தில் அவன். அதே மடிந்த முழங்கால், அதே பதிந்த பின்பக்கம், அதே உள்ளங்கைகள். நேராக முட்டி நிறுத்தப் பார்க்கவில்லை. குட்டிக் குட்டி எட்டாகப் பின்னுக்குப் போய்க்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகப் புல் பக்கம் திருப்பிவிட்டான். சக்கரம் சேற்றில் புதைந்து வண்டி நின்றது. முழங்காலைத் தடவிக்கொண்டு, அங்கிளுக்கு அடிபட்டதா என்று கேட்டான்.

மனைவி ஓடி வந்தாள். கிரைண்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா இவருக்கு முன்னால நான்தான் நிண்டனான் தம்பி. இண்டைக்குத்தான் எனக்கு லீவு கிடைச்சிருக்கு."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. இங்கிலீஷில் கடிதம் வந்தால் அவள்தான் பிரிப்பாள். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அவள்தான் முன்னுக்குப் போவாள். வாடகையைக் கூட்ட வந்த கட்டிடக்காரரை மறித்ததும் அவள்தான். நான் பின்னால் பத்திரமாக நின்று தோசை சுட்டேன், பெயர் வாங்கினேன்.

அங்கேயே 'ஓம், எனக்குச் சம்மதம்' என்றேன். குப்பைக்கு நடுவில் இருந்து மகளைக் கொடுத்த மாமன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். மகள் அழுதுகொண்டே என் காதில் ஒட்டியிருந்த காகிதத்தை எடுத்துவிட்டாள்.

போன மாதம் கடையில் ஒருவர் என் தோசையைப் புகழ்ந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என் மனைவியின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, எல்லாம் அவளால்தான் என்றேன். குசினிக்குள் இருந்து அவள் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஏனப்பா, நான் என்ன பிழை விட்டனான்?"

உப்புக் கூடினால், சட்னி முடிந்தால் மட்டுமே அந்தப் பெயரைக் கடை முழுக்கக் கேட்கக் கத்தியவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் பிழை ஒன்றும் இல்லாத நாளிலும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், அவளுக்குத்தான் இன்னும் பயம் தெளியவில்லை.