அட்டெண்டன்ஸ் கம்மி என்று மட்டும் சொன்னேன்

போன வருடம் மே மாதம், ஊட்டியில் சீசன் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நான் இங்கே ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் சீனியரின் ஆபீஸ். கோர்ட்டுக்கு விடுமுறை என்பதால் அவர் ஊருக்குப் போயிருந்தார். ஆபீஸைத் திறந்து பழைய கேஸ் கட்டுகளை அடுக்கி வைப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் என் பழைய ரூம்மேட் போன் செய்தாள். சட்டக் கல்லூரி ஹாஸ்டலில் நான்கு வருடத்துக்கும் மேல் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்தான் அவள் ஊர். அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவருடைய சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். நான் படிப்பை முடித்து வக்கீல் ஆனேன். அவள் முடிக்கவில்லை. எல்லையைத் தாண்டி கேரளப் பக்கத்து டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

“தங்கச்சி சட்டந்தான் படிப்பேன்னு நிக்கிறாடி. அதுவும் நம்ம காலேஜ்லதானாம். நான் வேணாம்னா, படிச்சு முடிக்காதவ பேச்சுன்னு காதுலயே வாங்கறதில்ல. நீ பாஸ் ஆனவ. நீ சொன்னா கேப்பா” என்றாள்.

நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். போனை வைக்கும் முன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். “காலேஜ் ரிசல்ட் கணக்கை மட்டும் சொல்லு. என் கதைய எடுக்காத. அப்பாவும் கூட வர்றாரு.” சரி என்றேன். கூச்சப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் ஏன் முடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் படித்தது சமவெளியில் ஒரு தனியார் சட்டக் கல்லூரி. ஐந்தாம் வருடம் ஆடிப் பதினெட்டுக்கு லீவு போட்டு இருவரும் மலையேறி அவரவர் வீட்டுக்கு வந்தோம். வந்த மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். அப்போது அவலாஞ்சிப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரோடு பல இடங்களில் அறுந்துபோய் நாங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டோம். ரோடு சரியானபோது எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவள் பக்கம் இன்னும் மோசம். அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மண் வெடித்து, எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் கல்லூரிக்குத் திரும்பியபோது அட்டெண்டன்ஸ் இருவருக்குமே குறைந்திருந்தது. பெரிய வித்தியாசமில்லை.

பரீட்சைக்கு முன் இருவரும் சேர்ந்துதான் கல்லூரி ஆபீஸுக்குப் போனோம். அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வாங்கிக்கொண்டார்கள். அவளை மட்டும் பிரின்சிபாலைப் பார்க்கச் சொன்னார்கள்.

அவர் திட்டவில்லை. உட்கார வைத்து மென்மையாகப் பேசினாராம். இந்த வருடம் எழுதிப் பெயில் ஆவதைவிட ஒரு வருடம் நிதானமாகப் படித்து எழுதுவது அவளுக்குத்தான் நல்லது என்றாராம். இன்டர்னலில் அவள் மார்க் குறைவு. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள். கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வாள், ஆங்கிலத்தில் எழுதும்போது திணறுவாள். வெளியே வந்தபோது, “சார் நல்லதுக்குத்தான் சொல்றாரு” என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அவளைப் போலவே இன்னும் சிலரையும் இதே மாதிரி பக்குவமாகப் பேசி நிறுத்தியிருந்தார்கள் என்பதும், எல்லோருமே மார்க் குறைந்தவர்கள் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அந்த வருடமும் எங்கள் கல்லூரி இறுதியாண்டில் நூறு சதவீதத் தேர்ச்சி. பேனரில் என் போட்டோவும் இருந்தது.

ஒரு வருடம் கழித்து அவளால் வர முடியவில்லை. அப்பா ரிடையர் ஆகிவிட்டார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் சம்பாதித்தாக வேண்டும்.

அந்த வருடம் நிறுத்தப்பட்டதும் அவள் ஊருக்குப் போய்விட்டாள். பரீட்சை நடந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில் ஒரு காலை அவள் அப்பா எனக்குப் போன் செய்திருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “மகள், ஏம்புள்ள பெயிலாப் போயிட்டாளா?” என்று கேட்டார். இலங்கை வழக்கில் என்னையும் ‘மகள்’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அடுத்த பரீட்சையின் பதற்றம். “இல்லீங்கப்பா, பெயிலெல்லாம் இல்லீங்க. அட்டெண்டன்ஸ் கம்மி. அதனால எழுத விடலீங்க” என்றேன். “சரி மகள்” என்று வைத்துவிட்டார். தோழியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். காலேஜுக்கே போகாமல் ஊர் சுற்றியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை அவளே பேச்சுவாக்கில் ஒரு முறை சொன்னாள். நடந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். “விடுடி” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

இதுதான் பழைய கதை.

மறுநாள் கூடலூர் வழியாக வந்த பஸ் சீசன் நெரிசலில் மாட்டி, அவர்கள் வந்து சேரும்போது மதியமாகிவிட்டது. அப்பா ஸ்வெட்டரும் மப்ளருமாக, பஸ் வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்போடு இருந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. “நீங்க படிச்ச புள்ளைங்க பேசுங்க. நான் இங்கன உக்காருறேன்” என்று கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

தங்கை கெட்டிக்காரி. பயமில்லாமல் பேசினாள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு தேர்ச்சி, எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் முதல் வகுப்பு என்றெல்லாம் போனில் தேடி வைத்திருந்தாள். “அரசுக் கல்லூரில பாதிக்கு மேல கொஞ்சம்தான்க்கா பாஸ் ஆகுறாங்க. உங்க காலேஜ் வருசா வருசம் நூறு. அதுக்கு மேல என்னக்கா வேணும்?” என்றாள்.

நான் உற்சாகமாகிவிட்டேன். உண்மையைச் சொன்னால், வக்கீல் என்று என்னை நம்பி ஒருத்தி கேள்வி கேட்கிறாள் என்பதில் ஒரு பெருமை. இரண்டு பல்கலைக்கழகத்தின் தேர்ச்சியை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். ஓரிடத்தில் எல்லாத் தாளிலும் ஒரே மூச்சில் பாஸ் ஆனவர்களை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். இன்னோரிடத்தில் அரியர் எழுதிப் பாஸ் ஆனவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். தேர்ச்சி என்பது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான். முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்பதல்ல. அதனால் சேர்ந்தது எத்தனை பேர், கடைசிப் பரீட்சை எழுதியது எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் வருடம் இருந்த முகங்களில் பலவற்றைக் கடைசி வருடப் பரீட்சை ஹாலில் நான் பார்க்கவில்லை. அரசுக் கல்லூரியில் பெயில் ஆகிறவனும் எழுதிவிட்டுத்தான் பெயில் ஆகிறான். அவனுக்கு அடுத்த தடவை ஒன்று உண்டு.

ரூம்மேட் ஜன்னலோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதை நான் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “படிக்காதவங்கள நிறுத்துறதுல என்னக்கா தப்பு? எங்கக்கா மாதிரி காலேஜுக்கே போகாம இருந்தா அவங்கதான் என்ன பண்ணுவாங்க?” என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அது எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பேச்சு என்று எனக்குப் புரிந்தது. ரூம்மேட் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“உங்க அக்கா காலேஜுக்குப் போகாம இருக்கல. அஞ்சாவது வருஷம் மழைல ரோடு அடைச்சு ஊர்ல மாட்டிக்கிட்டா. அந்த நாளைத்தான் ஆப்சென்ட்னு போட்டாங்க. எனக்கும் அதே மழை, அதே ஆப்சென்ட்” என்றேன்.

“ஏய், விடுடி” என்று ரூம்மேட் சட்டென்று கிட்டே வந்தாள். நான் விடவில்லை. முழுவதையும் சொன்னேன்.

முடித்தபோது அவள் அப்பா கதவருகே நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

“எந்த மழ மகள்?” என்றார்.

“ஒண்ணுமில்லப்பா. நீங்க போய் உக்காருங்க” என்றாள் ரூம்மேட்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். “பள்ளிக்கூடத்துல தங்குனமே, அந்த மழயா? ரோடு தொறந்த பொறவும் நாந்தானே போகாதன்னேன். அவங்கம்மாவுக்குக் காய்ச்சல். மேல மண்ணு எப்ப வருமோன்னு இருந்துச்சு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ புள்ளன்னு நாந்தான் புடிச்சு வச்சேன்.”

அது எனக்குத் தெரியாது. அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

“ரோடு ஒடஞ்ச நாளையுமா கணக்குல எடுப்பாங்க?” என்று கேட்டார்.

“எடுப்பாங்கப்பா. எனக்கும் எடுத்தாங்க. அபராதம் வாங்கிக்கிட்டு என்ன விட்டுட்டாங்க.”

“ஏம்புள்ளய ஏன் விடல?”

எனக்கு மார்க் இருந்தது, அவளுக்கு இல்லை என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். மப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி இறங்கினார். தங்கை அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

நானும் ரூம்மேட்டும் தனியாக நின்றோம். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே பேசினாள்.

“கணக்கை மட்டும் சொல்லுன்னு கேட்டேன்ல. அவரு என் மேல கோவமா இருந்தாரு. அது எனக்குப் பழகிப்போச்சுடி. இனிமே அவரு மேல அவரே கோவப்படுவாரு. அத நான் தினமும் பாக்கணுமே.”

மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஆபீஸைப் பூட்டினேன்.

பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன். பஸ் ஏறும் முன் அப்பா என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு போன்ல நீங்க சரியாத்தான் சொன்னீங்க மகள். ஏன் கம்மின்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல” என்றார். என்னைக் குறை சொல்லாமல் அவர் அதைத் தன் மேலேயே போட்டுக்கொண்டதுதான் அன்று எனக்கு அதிகமாக வலித்தது. கேட்கும் முன்னே சொல்லியிருக்க வேண்டியவள் நான். பஸ்ஸில் அவர் பெரிய மகளுக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தங்கை எங்கள் கல்லூரியில் சேரவில்லை. சமவெளியில் ஒரு அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். அதற்கு முன் அப்பாவும் அவளும் நாலைந்து இடம் ஏறி இறங்கியிருக்கிறார்கள். போன ஒவ்வொரு ஆபீஸிலும் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டாராம்: மழைக்கு ரோடு அடைத்துப் பிள்ளை வர முடியாமல் போனால் அந்த நாளை என்ன செய்வீர்கள்? சில இடத்தில் சிரித்தார்களாம். அவர் பதில் வரும்வரை நகரவில்லையாம். இதைத் தங்கைதான் போனில் சொன்னாள்.

ரூம்மேட்டை மறுபடி சேர்க்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். வழி இருக்கும் போலத்தான் தெரிந்தது. ஆனால் அதே கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி, அதே வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். சொன்னேன். “மொதல்ல தங்கச்சி முடிக்கட்டும். அப்பறம் பாக்கலாம்” என்றாள். அந்த ‘அப்பறம்’ எப்போது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் பேசிக்கொள்கிறோம். முன்பு மாதிரி அடிக்கடி இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், “இருக்காரு” என்கிறாள். வேலைக்குக் கிளம்பும்போது பஸ் வரும்வரை கூட வந்து நிற்கிறாராம். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லையாம்.

ரிசல்ட் வரும் மாதங்களில் யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்கத்தான் செய்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் ஒரு தகப்பன் தன் மகளைப் பற்றிக் கேட்டபோது அவசரமாகச் சொன்ன ‘அட்டெண்டன்ஸ் கம்மி’ என்ற அந்த இரண்டு வார்த்தையில் பொய் எதுவுமில்லை என்று எத்தனை தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும், அன்று காலை இன்னும் ஒரு நிமிடம் அவரோடு பேசியிருக்கலாமே என்ற வருத்தம் தீரவே இல்லை.