ஓரப் பெட்டிக்குள் இருந்தது

பெரிய ஏரிக்கு நடுவே உள்ள உக்கரேவே தீவில் மஃபூரு கட்டும் படகுகளில் ஒரு குறை உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். உட்புறம் இரண்டு பக்கமும் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு மரப்பெட்டி ஓடும். அது இடத்தை அடைக்கும். பத்துப் பேருக்கான படகில் ஒன்பது பேர்தான் உட்கார முடியும். ஏன் என்று கேட்டால் "பலகைக்குப் பலம்" என்பார்.

பெட்டிக்குள் இருப்பது தெர்மாகோல். மீன் ஆலைக்காரர்கள் தூக்கிப் போடுவதை வாங்கி வந்து, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே வெட்டி அடைப்பார். பதினோரு வருடங்களாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முன்பு அவர் சொந்தப் படகு ஓட்டியவர். அதில் தெர்மாகோலை, உள்ளே கால் வைக்கும் பலகைக்குக் கீழே போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் பெருமையாகக் காட்டவும் செய்தார். ஒரு சந்தை நாளில், "ஏறுங்க, இது மூழ்காது" என்று மூன்று பேரைக் கூடுதலாக ஏற்றினார். தயங்கி நின்ற மனைவி ந்யாங்கேத்தாவிடமும் அதையேதான் சொன்னார். நடு ஏரியில் அலை உள்ளே புகுந்தது. படகு மூழ்கவில்லைதான். அடியில் கிடந்த தெர்மாகோல் மேலே வரத் திமிறி, படகைக் குப்புறத் தள்ளிவிட்டது. கவிழ்ந்த படகின் மேல் அவர் கிடந்தார். ந்யாங்கேத்தா அதற்கு அடியில் இருந்தாள். படகு மட்டும் இரண்டு நாள் மிதந்தது.

புதுப்படகை எடுக்க வந்த ப்விரே, கையோடு ரம்பமும் கொண்டுவந்திருந்தான்.

"என்னண்ணே, படகு கேட்டா பீரோ செஞ்சு வச்சிருக்கீங்க? இத அறுத்துத் தள்ளிடறேன்."

"அறுத்தா பலகை விட்டுரும்டா."

"அதையும்தான் பாத்துடுவோமே."

நாலு இழுப்பு இழுத்ததும் வெள்ளை உருண்டைகள் அவன் காலடியில் கொட்டின. இனி மறைத்துப் பயனில்லை.

"அதத் தொடாதடா. படகுக்குள்ள தண்ணி நெறஞ்சா, கவுழாமப் புடிச்சு நிறுத்தறது அதுதான். மத்த நேரத்துல அது சும்மா கெடக்கும். அத நம்பி ஒரு மூட்டகூட சேத்து ஏத்த முடியாது."

ரம்பம் நின்றது. "அப்ப இது முங்கவே முங்காதா?"

மஃபூரு படகின் வெளிப்புறத்தில் தான் தீட்டியிருந்த சிவப்புக் கோட்டைத் தடவினார். "இந்தக் கோடு தண்ணிக்குள்ள போகக் கூடாது. உன் அண்ணி எப்படிப் போனான்னு தெரியும்ல?"

"அது அடியில போட்டதாலண்ணே. இதுலதான் ஓரத்துல இருக்கே!"

அவன் சொன்னதில் தப்பில்லை. மஃபூரு அறுபட்ட இடத்தில் பலகை அடித்து மூடி, படகை அவனிடம் ஒப்படைத்தார்.

சந்தை நாளன்று துறையில் அந்தப் படகில் பன்னிரண்டு பேர் ஏறியிருந்தார்கள். சிவப்புக் கோடு தண்ணீருக்குள் இருந்தது. முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த தன் மனைவியிடம் ப்விரே சொன்னான்: "ஏறு, இது மூழ்காது."

மஃபூரு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நாலு பேரை எறக்குடா. எறக்கினாத்தான் விடுவேன்."

"பெருசு, உன் பொண்டாட்டி போனதுக்கு எங்க சந்தையக் கெடுக்காத!" என்றது படகிலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். எஞ்சின் உறுமியது. பிடி நழுவியது.

அன்று எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். துறையில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்துக் கையும் ஆட்டினார்கள்.

அடுத்த சந்தைக்குப் பதினைந்து பேர் ஏறினார்கள்.