கடைசி வீட்டு வாசலில் ஆரத்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மாமியாரே அதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார், புதிதாக மறைக்க ஒன்றுமில்லை. அந்த வாய் ஒருமுறை உதவியது.

திண்டிவனம் வட்டாரத்தில், வல்லம் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை. தெருவில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போனது. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், காய்ந்து கிடந்த ஓடையில் செருப்புக்கூட நனையாமல் இறங்கி ஏறினார். எங்கள் வாசலில் ஆரத்தி எடுத்தோம். "ஜெயிச்சதும் மொத வேல இந்தப் பாலந்தாம்மா" என்றார். ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். பாலம் மட்டும் வரவில்லை.

அடுத்த மழையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் வைத்துத் தண்ணீருக்குள் தூக்கிப்போனார்கள். குழந்தை தங்கவில்லை. அதற்கு மறு வருஷம் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வானம் இருட்டினாலே ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க ஓடிவிடுவேன்.

அப்போதுதான் ஊர் முகப்பில் ரேஷன் கடை திறக்க எம்.எல்.ஏ. வருகிறார் என்றார்கள். யார் வந்தாலும் எங்கள் தெருப் பெண்கள்தான் ஆரத்தி எடுப்போம். அது இல்லாமல் விழா தொடங்கினால் அபசகுனம் என்பார்கள். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை வெட்டும்போதே பேசி முடித்தோம். விடிந்ததும் என் வாசலில் பெரிய கோலம் போட்டு, தட்டோடு அங்கேயே நின்றுகொண்டோம்.

பஞ்சாயத்துத் தலைவர் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார்.

"என்னாக்கா, இங்க நின்னுக்கினு இருக்கீங்க? கார் வந்துடுச்சி. ஜல்தியா வாங்க."

"ஓட்டு கேக்க வந்தப்ப இங்கதான எடுத்தோம்? இப்பவும் இங்கதான். வரச் சொல்லு."

"பேஜாரு பண்ணாதீங்கக்கா. வெள்ள வேட்டி கட்டிக்கினு வந்துருக்காரு."

"மடிச்சிக் கட்டச் சொல்லுப்பா. எங்க ஊட்டு ஆம்பளைங்க தெனமும் அப்பிடித்தான் வராங்க."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார், வேட்டியெல்லாம் சேறு, முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனாலும் நான் தட்டைச் சுற்றவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"பாலம் எப்ப சார் வரும்?"

"டெண்டர் விடணும்மா, டைம் ஆவும்."

"எம் பொண்ணுக்கு எட்டு மாசம். அவ வலிக்கு டெண்டரெல்லாம் தெரியாதுங்க. முடியும்னா முடியும்னு இந்தக் கற்பூரத்துக்கு முன்னால சொல்லுங்க. முடியாதுன்னா அதையும் சொல்லிடுங்க."

அவர் வாசற்படியில் நின்றிருந்த என் மகளைப் பார்த்தார். பிறகு தன் வேட்டியைப் பார்த்தார். "மொதல்ல தண்ணி போக ஓடையில பெரிய குழாய் பதிச்சி, மேல ஜல்லி கொட்டி வண்டி போற மாதிரி பண்ணிக் குடுக்கறேன். அப்புறம் பாலம்" என்றார். அதற்குப் பிறகுதான் தட்டைச் சுற்றிப் பொட்டு வைத்தேன்.

அதோடு விட்டுவிடவில்லை. பெண்கள் முறைவைத்து அவர் ஆபீசுக்கு போன் போட்டோம். "கற்பூரத் தெருவா?" என்று எடுத்தவரே கேட்க ஆரம்பித்தார். குழாய் வந்தது, ஜல்லி வந்தது. ஒரு மழைநாள் மதியம் மகளுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் ஓடையைத் தாண்டி என் கோலத்தின் மேலேயே வந்து நின்றது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள்.

பிற்பாடு கான்கிரீட் பாலமும் முடிந்து, ரிப்பன் வெட்ட எம்.எல்.ஏ. வந்தார். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கத்தரிக்கோலோடு என்னைப் பார்த்து, "தொறந்துடலாமாம்மா?" என்றார்.

"இவ வயித்துல இருந்துக்கினே தொறந்துட்டா சார். நீங்க ரிப்பன வெட்டுங்க."

சிரித்துக்கொண்டே வெட்டினார். பிறகு, ஆரத்தி எங்கே என்று யாரையும் கேட்காமல், எங்கள் தெருவின் கடைசி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.