சூடம் அணையும் வரைக்கும்

மீமிசலிலிருந்து என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்த அந்த அக்காவின் விரலெல்லாம் மீன்முள் கிழித்த தழும்பு. பென்டிரைவ் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசினார். கரையில் காய்ந்த அவர் வலையைப் பக்கத்துப் படகுக்காரன் அறுத்தது ஐஸ் கடை கேமராவில் பதிவாகி, இதில்தான் இருந்ததாம். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அந்தப் படகுக்காரனே வாங்கி, கெடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

சொருகியதும் கம்ப்யூட்டர் பார்மட் பண்ணச் சொன்னது. பண்ணினால் எல்லாம் போய்விடும். கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, பழுது நீக்கும் கமாண்டைத் தட்டினேன். வீடியோ உயிரோடு வந்தது. கத்தியும் தெரிந்தது, அவன் முகமும் தெரிந்தது.

“இத என் போன்ல ஏத்திட்டு, பென்டிரைவ்ல ஒண்ணுமே தெரியாதபடி பண்ணிருங்க தம்பி. இது செத்துப்போச்சுன்னு நம்பித்தான் நாளைக்குக் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ண வாரான். வாங்கிப் போட்டுப் பாத்தாலும் பாப்பான். சத்தியம் பண்ணட்டும், அப்புறம் ஊருக்கே காட்டுறேன்.”

“இப்பவே காட்டுனா மன்னிப்புக் கேட்டுருவாருல்லக்கா?”

மூடியை உள்ளங்கையில் இறுக்கினார். “கேட்டுருவான். அதுனாலதான் காட்டல.”

வேண்டாமென்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் விரல்கள், வீடியோவை மறைக்கும் கமாண்டைத் தட்டி முடித்திருந்தன.